உங்களுக்குத் தெரியுமா? சைக்கிளில் பெய்ஜிங்!

இரண்டு கோடிக்கு மேல் மக்கள் வாழும் பெய்ஜிங் நகரை நடந்தே பார்த்துவிட முடியாது. சுரங்க ரயிலில் போனால் ஊர் கண்ணில் படாது. காரில் போனால் சந்துகளுக்குள் நுழைய முடியாது. அந்த நகரத்துக்குப் பொருத்தமான வாகனம் சைக்கிள்தான். தெருக்களின் அமைப்பு, நிலத்தின் மட்டம், மக்களின் பழக்கம் எல்லாமே இரண்டு சக்கரத்துக்குச் சாதகமாக இருக்கின்றன. ஒருகாலத்தில் சைக்கிள் ராஜ்ஜியம் என்று உலகமே வியந்த நகரம் அது. நடுவில் சைக்கிளைக் கைவிட்டது. இப்போது மறுபடியும் அழைத்துக்கொண்டிருக்கிறது. அதன் கதையும், அங்கே மிதிக்கப் போகிறவர்களுக்குத் தேவையான சில செய்திகளும் இதோ.

மேடில்லாத ஊர்
வட சீனச் சமவெளியின் ஓரத்தில் இருக்கிறது பெய்ஜிங். நகரின் நடுப்பகுதி கடல்மட்டத்திலிருந்து சுமார் 40 முதல் 50 மீட்டர் உயரம்தான். மலைகள் மேற்கிலும் வடக்கிலும் ஒதுங்கி நிற்கின்றன. அதனால் கியர் இல்லாத சைக்கிளே போதும். பழக்கம் விட்டுப்போன கால்களும் மணிக்கணக்கில் தாங்கும்.

24 தப்படி, 12 தப்படி
மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான் 1267-ல் இங்கே தன் தலைநகரைக் கட்டத் தொடங்கியபோதே தெருக்களுக்கு அகலம் வகுக்கப்பட்டுவிட்டது. பெருந்தெரு 24 தப்படி, சிறுதெரு 12 தப்படி. வடக்கு தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் கோடு கிழித்தது போன்ற அந்த அமைப்பு பழைய நகரில் இன்றும் தெரிகிறது. வழி கேட்டால் உள்ளூர்க்காரர்கள் இடம், வலம் என்பதைவிட வடக்கே போங்கள், கிழக்கே திரும்புங்கள் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். காலையில் சூரியன் எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொண்டால் பாதி வழி தெரிந்த மாதிரி.

டெல்லியில் கிடைத்த அங்கீகாரம்
நகரின் முதுகெலும்பு, தெற்கே யோங்டிங்மென் வாயிலில் தொடங்கி வடக்கே முரசு, மணிக் கோபுரங்கள் வரை நீளும் 7.8 கி.மீ. மைய அச்சு. அரண்மனை, சதுக்கம், கோயில்கள் எல்லாம் இந்த ஒரே கோட்டை ஒட்டித்தான் அமைந்திருக்கின்றன. 2024 ஜூலையில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்த முடிவு எடுக்கப்பட்ட கூட்டம் நடந்தது நம் புதுடெல்லியில்! நேராக மிதித்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் தூரம் இது. ஆனால் வழியில் இறங்கிப் பார்க்க ஒரு நாள் போதாது.

அகழியைச் சுற்றி ஒரு வலம்
1406-ல் தொடங்கி 1420-ல் முடிந்த அரண்மனை வளாகமான விலக்கப்பட்ட நகரத்துக்குள் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. ஆனால் அதைச் சுற்றிவரத் தடையில்லை. 52 மீட்டர் அகல அகழி, அதற்கு அப்பால் 10 மீட்டர் உயர மதில், நான்கு மூலையிலும் அடுக்கடுக்கான கூரையோடு கோபுரங்கள். வடமேற்கு மூலைக் கோபுரத்தின் நிழல் அகழி நீரில் விழும் இடத்தில் காலையிலேயே புகைப்படக்காரர்கள் கூடிவிடுவார்கள். உள்ளே போக விரும்பினால் கடவுச்சீட்டு எண்ணோடு முன்பதிவு செய்ய வேண்டும். திங்கட்கிழமை விடுமுறை.

வாசற்படியை அறுத்த பேரரசர்
சீனாவின் கடைசிப் பேரரசர் பூயி 1912-ல் பதவி துறந்தாலும், 1924 வரை அந்த அரண்மனையின் ஒரு பகுதியில்தான் வாழ்ந்தார். இளவயதில் அவருக்குச் சைக்கிள் பித்துப் பிடித்தது. அரண்மனை வாயில்களில் உயரமான மரப்படிகள் குறுக்கே நின்றன. முன்னோர் பல தலைமுறைகளாகத் தொடாத அந்தப் படிகளை, சைக்கிள் தடையில்லாமல் ஓடுவதற்காக அறுத்தெறியச் சொன்னார் பூயி. தன் சுயசரிதையில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

இஸ்தான்புல்லிலிருந்து மிதித்து வந்தவர்கள்
பூயிக்கு முன்பே பெய்ஜிங்குக்குச் சைக்கிளில் வந்து சேர்ந்தவர்கள் உண்டு. தாமஸ் ஆலன், வில்லியம் சாக்ட்லெபன் என்ற இரண்டு அமெரிக்க இளைஞர்கள், அன்று கான்ஸ்டான்டிநோபிள் எனப்பட்ட இஸ்தான்புல்லிலிருந்து புறப்பட்டு, மத்திய ஆசியாவையும் கோபி பாலைவனத்தையும் கடந்து 1892-ல் இங்கே வந்தார்கள். வழியில் மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து அந்த விந்தை வண்டியைப் பார்த்தார்கள். இருவரும் எழுதிய பயண நூல் 1894-ல் வெளியானது.

மதில் போய் சாலை வந்தது
பெய்ஜிங்கைச் சுற்றியிருந்த பெரும் மதில் 1950-களிலும் 60-களிலும் இடிக்கப்பட்டது. அது நின்ற கோட்டின் மேல்தான் இன்றைய இரண்டாம் சுற்றுச்சாலை ஓடுகிறது. நீளம் சுமார் 33 கி.மீ. நடுவில் உள்ள விரைவுப் பாதையில் சைக்கிள் போகக் கூடாது. இருபுறமும் உள்ள பக்கச் சாலைகளில் சைக்கிளுக்குத் தனிப் பாதை உண்டு. அதில் ஒரு சுற்று வந்தால், பழைய தலைநகரை முழுதாக வலம் வந்த கணக்கு.

நிறைவேறாத ஒரு கனவு
கட்டடக்கலை அறிஞர் லியாங் சிசெங் அந்த மதிலைக் காப்பாற்ற 1950-ல் ஒரு யோசனை சொன்னார். மதிலின் மேற்பரப்பில் மரம் செடி வைத்து, இருக்கைகள் போட்டு, சுமார் 40 கி.மீ. நீளத்துக்கு மக்கள் உலவும் வான்பூங்காவாக மாற்றலாம் என்றார். யாரும் கேட்கவில்லை. இன்று மிஞ்சியிருப்பதில் பெரியது சோங்வென்மென் அருகே உள்ள சுமார் 1.5 கி.மீ. துண்டும், அதன் முனையில் நிற்கும் தென்கிழக்குக் கோபுரமும்தான். இடித்தபோது வீட்டுக்கு எடுத்துப்போன பழைய செங்கற்களை மக்கள் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவற்றை வைத்துத்தான் அந்தத் துண்டைச் செப்பனிட்டார்கள். அதன் அடிவாரத்தில் இன்று பூங்கா இருக்கிறது. பெய்ஜிங் எதை இழந்தது என்பதை அங்கே நின்றால் உணரலாம்.

மதிலின் மேலேயே மிதிக்க ஆசையா?
அதற்கு சீஆன் நகரத்துக்குப் போக வேண்டும். மிங் வம்சத்தார் கட்டிய அதன் மதில் முழுதாக நிற்கிறது. சுற்றளவு சுமார் 13.7 கி.மீ., உயரம் 12 மீட்டர். மேற்பரப்பு ஒரு சாலை அளவுக்கு அகலம். மதில் மேலேயே வாடகைக்குச் சைக்கிள் தருகிறார்கள். லியாங் சிசெங் பெய்ஜிங்குக்குக் கண்ட கனவை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

கல்யாணத்துக்கு மூன்று சக்கரங்கள்
1970-களில் சீனக் குடும்பங்கள் திருமணத்துக்குத் தேடிச் சேர்த்த பொருட்கள் நான்கு. சைக்கிள், தையல் இயந்திரம், கைக்கடிகாரம் ஆகிய மூன்றும் சுழல்பவை. நான்காவதான வானொலி ஒலிப்பது. சைக்கிள் வாங்கக் கையில் பணம் இருந்தால் மட்டும் போதாது, அரசு தரும் கூப்பனும் வேண்டும். விலையோ பல மாதச் சம்பளம். அப்படி வாங்கிய வண்டியைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்ததில் வியப்பில்லை.

பறக்கும் புறா
சீனச் சைக்கிள்களில் புகழ்பெற்ற பெயர் 'பறக்கும் புறா'. பெய்ஜிங்குக்குப் பக்கத்து ஊரான தியான்ஜினில் 1950-ல் பிறந்தது. பழைய ஆங்கிலேய வண்டியின் சாயல்: கறுப்பு நிறம், கனத்த சட்டம், வளைந்த ஹாண்டில்பார், பின்னால் கேரியர். ஷாங்காயிலிருந்து வந்த 'ஃபீனிக்ஸ்', 'ஃபாரெவர்' ஆகியவை அதன் போட்டியாளர்கள். நம் ஊரில் ஹெர்குலிஸ், ராலே ஓட்டி வளர்ந்தவர்கள் பழைய பறக்கும் புறாவைப் பார்த்தால் உடனே ஏறி உட்கார்ந்துவிடுவார்கள்.

மிதித்த தூதர், பிறகு அதிபர்
அமெரிக்காவின் 41-ஆவது அதிபரான ஜார்ஜ் ஹெச். டபிள்யூ. புஷ், 1974-75-ல் பெய்ஜிங்கில் தன் நாட்டுத் தொடர்பு அலுவலகத்தின் தலைவராக இருந்தார். கார் இருந்தும் அவரும் மனைவி பார்பராவும் ஊரைச் சைக்கிளில்தான் சுற்றினார்கள். அதிபரான பிறகு 1989 பிப்ரவரியில் அவர் பெய்ஜிங் வந்தபோது, சீனப் பிரதமர் லீ பெங் இருவருக்கும் ஆளுக்கொரு பறக்கும் புறா பரிசளித்தார்.

வழிகாட்டி சொன்ன எண்ணிக்கை
பெய்ஜிங்கில் தொண்ணூறு லட்சம் சைக்கிள்கள் இருப்பதாக ஒரு சுற்றுலா வழிகாட்டி சொன்ன வாக்கியம் ஒரு பாட்டுக்கே கருவானது. அந்தச் செய்தியைக் காதில் வாங்கிய மைக் பேட் எழுத, கேட்டி மெலுவா பாடினார். 2005-ல் வெளியான அந்த ஆங்கிலப் பாடல் பிரிட்டனின் முதல் ஐந்து பாடல்களுக்குள் இடம்பிடித்தது.

திருடுபோன சைக்கிளின் கதை
இயக்குநர் வாங் சியாவ்ஷுவாயின் 'பெய்ஜிங் பைசைக்கிள்' படம் 2001-ல் பெர்லின் விழாவில் நடுவர் குழுவின் வெள்ளிக் கரடி விருது பெற்றது. கிராமத்திலிருந்து வந்து தபால் சேவைப் பையனாக வேலை பார்க்கும் ஒருவனின் சைக்கிள் திருடுபோகிறது. பழைய சந்தையில் அதையே வாங்கி ஓட்டுகிறான் ஒரு நகரத்து மாணவன். வண்டி யாருடையது என்ற சண்டையின் ஊடே பெய்ஜிங்கின் சந்துகள் அத்தனையும் திரையில் விரிகின்றன. பயணத்துக்கு முன் பார்க்க வேண்டிய படம்.

63-லிருந்து 12-க்கு
1986-ல் பெய்ஜிங்வாசிகளின் அன்றாடப் பயணங்களில் சுமார் 63 சதவீதம் சைக்கிளில் நடந்தன. 2000-ல் அது 40 சதவீதத்துக்குக் கீழே வந்தது. 2010-களின் நடுவில் சுமார் 12 சதவீதம்! கார் வாங்க வசதி வந்தது ஒரு காரணம். வேலையிடமும் வீடும் விலகிப் போனது இன்னொரு காரணம். சைக்கிள் பாதைகளைக் கார்கள் நிறுத்துமிடமாகவும் கூடுதல் தடமாகவும் மாற்றியது மூன்றாவது காரணம். மிதிக்க இடமில்லாதபோது மிதிப்பவர்கள் எங்கே போவார்கள்?

கல்லூரி வளாகத்தில் முளைத்த விதை
சைக்கிளைத் திரும்பக் கொண்டுவந்தவர்களில் மாணவர்களுக்கு முக்கியப் பங்கு உண்டு. பெய்ஜிங் பல்கலைக்கழகத்தில் படித்த தாய் வெய்யும் நண்பர்களும் 2014-ல் 'ஓஃபோ' நிறுவனத்தைத் தொடங்கி, அடுத்த ஆண்டு வளாகத்துக்குள் மஞ்சள் நிறப் பகிர்வு சைக்கிள்களை விட்டார்கள். 2016-ல் ஷாங்காயில் 'மோபைக்' ஆரஞ்சு நிற வண்டிகளோடு வந்தது. கைப்பேசியில் குறியீட்டை வருடினால் பூட்டு திறக்கும். போன இடத்திலேயே விட்டுவிட்டுப் போகலாம். சுரங்க ரயில் நிலையத்திலிருந்து வீடு வரையிலான அந்தக் கடைசி ஒரு கிலோமீட்டர் சிக்கல் ஒரே வருடத்தில் தீர்ந்தது.

23.5 லட்சம் வண்டிகள்!
தீர்வே பிரச்சினையாகவும் மாறியது. 2017 செப்டம்பரில் பெய்ஜிங்கில் மட்டும் 23.5 லட்சம் பகிர்வு சைக்கிள்கள் குவிந்தன. நடைபாதைகளில் நடக்க வழியில்லை. புதிய வண்டிகளை இறக்க நகராட்சி தடை போட்டது. போட்டியில் பல நிறுவனங்கள் மூழ்கின. 2018 இறுதியில் ஓஃபோவிடம் கட்டிய முன்பணத்தைத் திரும்பக் கேட்டு ஒரு கோடிக்கு மேல் வாடிக்கையாளர்கள் வரிசையில் நின்றார்கள். அதன்பின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்து, பாதிக்கும் கீழே கொண்டுவந்தார்கள்.

மஞ்சள், நீலம், பச்சை
இன்று தெருவில் மூன்று நிறுவனங்களின் மூன்று நிறங்களைப் பார்க்கலாம். மெய்துவானின் மஞ்சள், ஹலோவின் நீலம், தீதியின் பச்சை. அரை மணி நேரத்துக்கு 1.5 யுவான் அளவில்தான் கட்டணம். பெய்ஜிங்கில் மின்சாரப் பகிர்வு வண்டிகளுக்கு அனுமதி இல்லை, மிதித்தால்தான் ஓடும். ஏறும் முன் மூன்றைச் சரிபாருங்கள்: பிரேக், இருக்கையின் உயரம், டயர். திருப்தி இல்லையென்றால் பக்கத்திலேயே வேறு வண்டி இருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத வேலி
வண்டியை நினைத்த இடத்தில் விடும் காலம் போய்விட்டது. சுரங்க ரயில் நிலையங்கள், கடைவீதிகள் பக்கம் மின்னணு வேலி உண்டு. தரையில் வரைந்த கட்டத்துக்குள் நிறுத்தினால்தான் பயணம் முடிந்ததாகச் செயலி ஒத்துக்கொள்ளும். வெளியே விட்டால் கூடுதல் கட்டணம். தியானன்மென் சதுக்கத்தை ஒட்டிய பகுதியில் நிறுத்தவே முடியாது. இறங்குமிடத்தை வரைபடத்தில் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

சைக்கிளுக்கென்றே ஒரு விரைவுச்சாலை
வடக்கே ஹுய்லோங்குவான் குடியிருப்புகளையும் ஷாங்தி மென்பொருள் பூங்காவையும் இணைக்க, 2019 மே 31-ல் 6.5 கி.மீ. நீளச் சைக்கிள் பாதை திறக்கப்பட்டது. நடப்பவர்களுக்கும் மின்-சைக்கிள்களுக்கும் அதில் இடமில்லை. கணிசமான தூரம் தூண்களின் மேல் ஓடுகிறது, ஒரு சிக்னலும் குறுக்கிடாது. நடுத்தடம் நேரத்துக்கு ஏற்பத் திசை மாறும்: காலையில் வேலைக்குப் போகிறவர்களுக்கு, மாலையில் வீடு திரும்புகிறவர்களுக்கு. வேக வரம்பு 15 கி.மீ.

வலப்பக்கம் மறக்காதீர்கள்
நாம் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள். சீனாவில் எல்லாம் வலப்பக்கம். இன்னொரு எச்சரிக்கை: சிவப்பு விளக்கு எரிந்தாலும் வலப்பக்கம் திரும்பும் கார்களுக்குப் பொதுவாக அனுமதி உண்டு. நமக்குப் பச்சை விழுந்ததென்று கண்ணை மூடிக்கொண்டு போகக் கூடாது. பெரிய சந்திப்புகளில் இடப்பக்கம் திரும்ப, நேரே குறுக்காகப் போய் எதிர்முனையில் நின்று, அடுத்த பச்சைக்குத் திரும்புங்கள். இரண்டு கட்டமாகத் திரும்பும் அந்த முறைதான் பாதுகாப்பானது.

சத்தமில்லாமல் வரும் ஆபத்து
சைக்கிள் பாதையில் நம்மோடு மின்-சைக்கிள்களும் வரும். சாப்பாடு கொண்டுபோகும் இளைஞர்கள் நிமிடங்களை எண்ணிக்கொண்டு பறப்பார்கள். பின்னால் வருவதே காதில் விழாது. சட்டப்படி அந்தப் பாதையில் மின்-சைக்கிளின் வேகம் 15 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது. நடைமுறையில் நாம்தான் ஓரமாகப் போக வேண்டும். திரும்பும் முன் ஒருமுறை பின்னால் பார்ப்பது உயிர் காக்கும் பழக்கம். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: 12 வயது நிரம்பாதவர்கள் சாலையில் சைக்கிள் ஓட்டச் சட்டம் அனுமதிப்பதில்லை.

வரைபடம் ஏன் தப்பு காட்டுகிறது?
சீனாவில் வரைபடங்களுக்கென்று தனி ஆயத்தொலைவு முறை கட்டாயம். செயற்கைக்கோள் தரும் இடத்தை அது வேண்டுமென்றே சில நூறு மீட்டர் நகர்த்திவிடும். அதனால் வெளிநாட்டு வரைபடச் செயலியில் நீங்கள் நிற்பது சாலையா, ஏரியா என்றே குழப்பம் வரும். உள்ளூர்ச் செயலியான ஏமேப்பை இறக்கிக்கொண்டால் சிக்கல் தீர்ந்தது. அதில் சைக்கிள் வழியைத் தனியாகக் கேட்கலாம்.

சந்துகளெல்லாம் ஏன் கிழக்கு மேற்கு?
பழைய பெய்ஜிங்கின் உயிர் ஹூடோங் எனப்படும் சந்துகளில் இருக்கிறது. குளிர்காலத்தில் வெயில் உள்ளே விழ வேண்டும் என்று வீடுகளைத் தெற்கு பார்த்துக் கட்டினார்கள். வீடுகள் தெற்கு பார்த்தால் சந்து கிழக்கு மேற்காகத்தானே ஓடும்? தோங்சி பகுதியில் மூன்றாம் சந்து, நான்காம் சந்து என்று எண் போட்டு வரிசையாக இருக்கும் தெருக்களில் போனால் இது நன்றாகப் புரியும். சாம்பல் நிறச் சுவர், சிவப்புக் கதவு, வாசலில் சதுரங்கம் ஆடும் பெரியவர்கள். பெல்லை மெதுவாக அடியுங்கள், அவர்களே காலை இழுத்து வழிவிடுவார்கள்.

ஹாண்டில்பார் நுழையாத சந்து
சியான்மென் வாயிலுக்குத் தெற்கே உள்ள சியான்ஷி சந்தின் மிகக் குறுகிய இடம் அரை மீட்டர்கூட இல்லை. சைக்கிளை வெளியே பூட்டிவிட்டு ஒருக்களித்துத்தான் போக வேண்டும். சிங் வம்சக் காலத்தில் அங்கே நாணயம் மாற்றும் கடைகள் இருந்தன.

மிக நீளமான சந்து
தோங்ஜியாவ்மின் சந்தின் நீளம் 1.5 கி.மீ.க்கு மேல். அயல்நாட்டுத் தூதரகங்கள் குடியிருந்த பகுதி இது. 1900-ல் அயல்நாட்டாருக்கு எதிரான பாக்ஸர் கிளர்ச்சியின்போது 55 நாட்கள் முற்றுகையில் கிடந்தது. பழைய வங்கிகள், தூதரகக் கட்டடங்கள், புனித மிக்கேல் தேவாலயம் எல்லாம் மர நிழலில் வரிசையாக நிற்கின்றன. கிழக்கே தொடங்கி மேற்கே போனால் தியானன்மென் சதுக்கத்தின் பக்கத்தில் வந்து முடியும்.

ஏரிக்கரையில் கப்பல் துறை
ஷிச்சாஹாய் என்ற மூன்று ஏரிகளைச் சுற்றி மிதிப்பது உள்ளூர்க்காரர்களுக்கே பிடித்த மாலைப் பொழுது. இந்த நீர்நிலை ஒருகாலத்தில் துறைமுகம்! பொறியாளர் குவோ ஷோவ்ஜிங் 1293-ல் வெட்டி முடித்த கால்வாய் வழியாக, தென் சீனத்து அரிசி படகுகளில் இதுவரை வந்தது. அந்தக் கால்வாயையும் உள்ளடக்கிய பெருங்கால்வாய் 2014-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. கரையோரத்து வான்னிங் பாலத்தில் நின்றால், நீரைக் காவல் காக்கும் கல் விலங்குகளைப் பார்க்கலாம்.

ஊருக்கே ஒரு கடிகாரம்
ஏரிக்குப் பக்கத்திலேயே முரசுக் கோபுரமும் மணிக் கோபுரமும் உள்ளன. 1924 வரை நகரத்துக்கு நேரம் சொன்னவை இவைதான். மணியின் எடை சுமார் 63 டன்.

பாசிப்பயறில் காலை உணவு
மிதிக்கிறவர்களுக்குப் பசி சீக்கிரம் வரும். காலையில் தெருமுனையில் சுடச்சுடக் கிடைப்பது ஜியான்பிங். பாசிப்பயறு மாவு கலந்த கரைசலைக் கல்லில் மெல்லியதாகப் பரப்பி, முட்டை உடைத்து ஊற்றி, வெங்காயத்தாளும் காரக் குழம்பும் தடவி, மொறுமொறு அப்பளம் வைத்து மடித்துத் தருவார்கள். நம் பெசரட்டின் சீனத்து உறவு என்று சொல்லலாம். சைவம் சாப்பிடுகிறவர்கள் முட்டை வேண்டாம் என்று சைகை காட்டினால் போதும்.
துணிச்சல் உள்ளவர்கள் தோவ்ஷியைக் குடித்துப் பாருங்கள். சேமியா செய்யப் பாசிப்பயற்றின் மாவுச்சத்தை எடுத்தபின் மிஞ்சும் நீரைப் புளிக்கவைத்த பானம் இது. பழைய பெய்ஜிங்காரர்கள் உயிரையே விடுவார்கள். புதியவர்கள் முதல் வாயிலேயே முகம் சுளிப்பார்கள்.

ஜாடித் தயிர்
சந்துக் கடைகளின் முன் வெள்ளை நிறப் பீங்கான் ஜாடிகள் அடுக்கி வைத்திருப்பார்கள். வாயை மெல்லிய தாளால் மூடி, ரப்பர் வளையம் போட்டிருக்கும். உறிஞ்சுகுழலைக் குத்திக் குடிக்க வேண்டியதுதான். இனிப்பான தயிர். கடையிலேயே நின்று குடித்து ஜாடியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எந்த மாதம் நல்லது?
செப்டம்பரும் அக்டோபரும்தான். வானம் தெளிவாக இருக்கும், வெயில் இதமாக இருக்கும். அக்டோபர் கடைசியிலும் நவம்பர் தொடக்கத்திலும் தியாவ்யூதாய் விருந்தினர் மாளிகைச் சுவரை ஒட்டிய ஜிங்கோ மரங்கள் பொன்னிறமாகும். ஜூலையும் ஆகஸ்டும் புழுக்கமும் மழையும். ஜனவரியில் சராசரி வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே. ஏப்ரல், மே மாதங்களில் பாப்லார், வில்லோ மரங்களின் பஞ்சு காற்றில் பறக்கும். முகக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் மிதிக்காதீர்கள்.

மூச்சுவிட முடிகிறது
2013-ல் பெய்ஜிங் காற்றில் நுண்துகள்களின் ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 89.5 மைக்ரோகிராம். 2022-ல் அது 30. நிலக்கரி அடுப்புகளை அகற்றியது, ஆலைகளை வெளியேற்றியது, வாகனப் புகைக்குக் கட்டுப்பாடு வைத்தது ஆகியவற்றின் பலன் இது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவைவிட இன்னும் அதிகம்தான். ஆனால் பத்து ஆண்டுகளுக்குள் மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தது சாதாரணச் செயல் இல்லை. சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய வரம் வேறென்ன?

எஃகு ஆலைக்குள் ஒரு சவாரி
வெளியேறிய ஆலைகளில் பெரியது மேற்கே இருந்த ஷோவ்காங் எஃகு ஆலை. 1919-ல் தொடங்கிய அங்கே 2010 இறுதியில் உலை அணைந்தது. ஊது உலைகளையும் குளிர்விப்புக் கோபுரங்களையும் இடிக்காமல் பூங்காவாக மாற்றினார்கள். 2022 குளிர்கால ஒலிம்பிக்கில் வீரர்கள் பனிச்சறுக்கில் பாய்ந்தது அந்தக் கோபுரங்களின் பக்கத்தில்தான். அகன்ற உள்சாலைகள், கார் தொல்லை இல்லை. குழந்தைகளோடு போக நல்ல இடம்.

அந்த வழியில் ஒரு தமிழ்க்குரல்
ஷோவ்காங்குக்குப் போகும் மேற்குச் சாலையில்தான் சீன வானொலியின் கட்டடம் இருக்கிறது. அதன் தமிழ் ஒலிபரப்பு 1963 ஆகஸ்ட் 1-ல் தொடங்கியது. சிற்றலையில் அதைக் கேட்டு, கடிதம் எழுதி, நேயர் மன்றம் வைத்திருந்தவர்கள் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் உண்டு. அவர்களில் யாராவது பெய்ஜிங் போனால் அந்த வாசலில் ஒருமுறை சைக்கிளை நிறுத்தாமல் இருக்க மாட்டார்கள்.

ஒலிம்பிக் வீரர்களின் வழி
2008 ஆகஸ்ட் 9 அன்று ஆண்கள் ஒலிம்பிக் சாலைப் போட்டி யோங்டிங்மென்னில் தொடங்கி, நகருக்குள் புகுந்து, பெருஞ்சுவர் இருக்கும் பாதாலிங் மலைப்பாதையில் ஏழு சுற்றுகள் ஓடி முடிந்தது. தூரம் சுமார் 245 கி.மீ. தங்கம் வென்றவர் ஸ்பெயினின் சாமுவேல் சான்செஸ். அவர்கள் புறப்பட்ட வாயில் 1957-ல் இடிக்கப்பட்டு, ஒலிம்பிக்குக்கு முன் திரும்பக் கட்டப்பட்டது.

இரவுச் சவாரி
2022-க்குப் பிறகு பெய்ஜிங் இளைஞர்களிடம் இரவுச் சைக்கிள் மோகம் பரவியது. விளக்கொளியில் குளித்த சாங்-ஆன் பெருவீதியில் கூட்டம் கூட்டமாக மிதிக்கிறார்கள். 2024 நவம்பரில் ஹெனான் மாகாணத்தில் இந்த மோகம் உச்சம் தொட்டது. செங்சோவ் நகரத்துக் கல்லூரி மாணவர்கள் பல்லாயிரம் பேர், சூப் நிறைந்த கொழுக்கட்டை சாப்பிட சுமார் 50 கி.மீ. தொலைவிலுள்ள கைஃபெங்குக்குப் பகிர்வு சைக்கிளில் இரவோடு இரவாகக் கிளம்பிவிட்டார்கள். நெடுஞ்சாலை நிரம்பி வழிந்தது. கடைசியில் ஊர் எல்லையைத் தாண்டினால் வண்டி பூட்டிக்கொள்ளும் என்று நிறுவனங்கள் அறிவிக்க வேண்டியதாயிற்று.

ஒரு நாளில் பார்க்க ஒரு வழி
காலை ஆறு மணிக்கு யோங்டிங்மென்னில் ஏறுங்கள். சியான்மென் வரை வடக்கே போய், ஜியான்பிங் சாப்பிட்டு, தோங்ஜியாவ்மின் சந்தைப் பாருங்கள். பிறகு அரண்மனை அகழியின் கிழக்குப் பக்கமாக வடக்கே போனால் ஜிங்ஷான் பூங்கா. அகழி தோண்டிய மண்ணைக் குவித்து உண்டான குன்று அது. வண்டியை வெளியே விட்டுவிட்டு ஏறினால், நீங்கள் வந்த வழி முழுதும் தெற்கே நேர்கோடாகத் தெரியும். மதியம் தோங்சி சந்துகள், மாலையில் ஷிச்சாஹாய் ஏரிக்கரை. எல்லாம் சேர்த்து 20 கி.மீ. அளவுதான்.

பாதை கொடுத்தால் சைக்கிள் வரும்
பெய்ஜிங் சொல்லும் பாடம் எளிமையானது. பாதை இருந்தபோது ஊரில் பாதிக்கு மேல் மிதித்தார்கள். பாதையைக் கார்களிடம் கொடுத்ததும் மிதிப்பவர்கள் மறைந்தார்கள். பாதைகளை அகலப்படுத்தி, நிறுத்தியிருந்த கார்களை அகற்றி, தடுப்பு வைத்து, வண்டிகளையும் ஒழுங்குபடுத்தியதும் திரும்பி வந்தார்கள். 2023-ல் பகிர்வு சைக்கிளில் மட்டும் அந்த நகரில் 100 கோடிக்கு மேல் பயணங்கள் நடந்தன. மக்கள் சைக்கிளை மறந்துவிட்டார்கள் என்று சொல்லும் எந்த நகர நிர்வாகமும் முதலில் தன் சாலையின் அகலத்தை அளந்து, அதில் சைக்கிளுக்கு எத்தனை அடி விட்டிருக்கிறது என்று பார்க்கட்டும்.